தண்டவாளத்தில் சிதறிய பொட்டலங்கள்

2022ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் எடுக்கப்பட்ட சில படங்கள் உலகெங்கும் பரவின. இரயில் தண்டவாளத்தை மூடும் அளவுக்குக் கிழிந்த அட்டைப்பெட்டிகளும் நெகிழி உறைகளும் குவிந்து கிடந்தன. பல உறைகளில் பொருளை வாங்கியவரின் பெயரும் முகவரியும் அப்படியே இருந்தன. விலையுள்ளவற்றை எடுத்துக்கொண்ட திருடர்கள், எளிதில் விற்க முடியாதவற்றை அங்கேயே வீசிவிட்டுச் சென்றிருந்தனர். வீசப்பட்டவற்றுள் கோவிட்-19 சோதனைக் கருவிகளும் இருந்தன. அன்று அமெரிக்க மக்கள் கடை கடையாகத் தேடியும் எளிதில் கிடைக்காத பொருள் அது.

இது எப்படி நடந்தது? ஆசியாவிலிருந்து அமெரிக்கா செல்லும் சரக்குகளில் கணிசமான பகுதி லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் ஆகிய இரு துறைமுகங்களில் இறங்குகிறது. அங்கிருந்து கொள்கலன்கள் இரயிலேறி நாட்டின் உட்பகுதிக்குப் போகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வாங்குவோர் பெருகியதால் துறைமுகங்களும் சரக்கு நிலையங்களும் திணறின. இரயில்கள் நகருக்குள்ளேயே மெதுவாக ஊர்ந்தன. சில வேளைகளில் நின்றும்விட்டன. சரக்கு இரயிலின் நீளம் இரண்டு, மூன்று கிலோமீட்டர்கூட இருக்கும். முன்னால் இருக்கும் ஓட்டுநருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. இரும்பு வெட்டும் நீண்ட கத்தரி ஒன்று இருந்தால் கொள்கலனின் பூட்டை அறுத்துவிடலாம்.

இனி, பழி சுமத்தும் படலம். அந்தத் தண்டவாளம் யூனியன் பசிபிக் என்னும் தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2021 டிசம்பரில் அந்நிறுவனம் மாவட்டத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் கஸ்கோனுக்குக் கடிதம் எழுதியது. ஓராண்டில் திருட்டு 160 விழுக்காடு அதிகரித்துவிட்டது. சராசரியாக நாளொன்றுக்கு 90க்கும் மேற்பட்ட கொள்கலன்கள் உடைக்கப்படுகின்றன. மூன்று மாதங்களில் 100க்கும் மேற்பட்டோர் கைதாகியும், அத்துமீறி நுழைதல் போன்ற சிறு குற்றமாகக் கருதப்பட்டு ஒரே நாளில் வெளியே வந்துவிடுகிறார்கள் என்று அது குறைபட்டுக்கொண்டது.

கஸ்கோனும் எண்களாலேயே பதிலடி கொடுத்தார். யூனியன் பசிபிக் தொடர்பாகத் தம் அலுவலகத்துக்கு 2019இல் 78 வழக்குகளும் 2020இல் 56 வழக்குகளும் வந்தன. 2021இல் வந்தவையோ 47தான் என்றார். நிறுவனம் தன் காவலர்களைக் குறைத்துவிட்டது, கொள்கலன்களைச் சரிவரப் பாதுகாப்பதில்லை என்றும் சுட்டினார். அமெரிக்காவில் பெரிய இரயில் நிறுவனங்களுக்குச் சொந்தக் காவல்படை உண்டு. கைது செய்யும் அதிகாரமும் அதற்கு உண்டு. ஆகவே, "உங்கள் காவலர்கள் எங்கே?" என்ற கேள்வி நியாயமானதுதான். கஸ்கோனின் நிலைமையையும் மறந்துவிடக் கூடாது. அவரைப் பதவியிலிருந்து நீக்க எதிர்ப்பாளர்கள் அப்போது முயன்றுகொண்டிருந்தார்கள். தண்டவாளக் குப்பை அவர்களுக்கு வலிய வந்த ஆயுதமாயிற்று. மாநில ஆளுநர் கேவின் நியூசமோ நேரில் வந்து, கேமராக்களின் முன் குப்பை அள்ளினார்.

அந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 160 விழுக்காடு கூடியது என்றால் 10 திருட்டு 26 ஆகியிருக்கும். 1,000 திருட்டு 2,600 ஆகியிருக்கும். தொடக்க எண் தெரியாமல் விழுக்காடு மட்டும் நமக்கு அளவைக் காட்டாது. அதேபோல், வழக்குகள் குறைந்ததால் திருட்டும் குறைந்தது என்று ஆகிவிடாது; பிடிபடாத திருடன்மீது வழக்கு ஏது? எல்லாவற்றையும்விட வியப்பானது, மூன்றே மாதங்களில் 100 கைது, ஆண்டு முழுவதும் 47 வழக்கு என்ற இடைவெளி. லாஸ் ஏஞ்சலஸ் மாநகரில் சிறு குற்ற வழக்குகளை மாநகர வழக்கறிஞர் அலுவலகம் நடத்துகிறது. கஸ்கோனின் அலுவலகம் அன்று. எனவே, கைதானவர்களில் சிலரது வழக்கு அவர் மேசைக்கே வராமல் போயிருக்கலாம். இரு தரப்பாரும் பொய் சொல்லாமலேயே ஒருவரையொருவர் குற்றவாளியாக்க முடிந்தது. பூட்டு யாருடையது, காவல் யாருடையது என்ற கேள்விகள் மட்டும் இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின.

சச்சரவுக்கிடையே சில வேலைகளும் நடந்தன. நிறுவனம் கூடுதல் காவலர்களை வரவழைத்தது, டிரோன்களைப் பறக்கவிட்டது, வேலிகளைப் பலப்படுத்த முனைந்தது.

ஆயினும், சரக்கு இரயில் திருட்டு ஓயவில்லை. 2024, 2025ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியா, அரிசோனா மாநிலங்களின் பாலைவனப் பாதையில், வேறொரு நிறுவனத்தின் இரயில்களில் விலையுயர்ந்த காலணிகள் கொள்ளை போயின. அங்கே நெரிசல் இல்லை. இரயில் தானாக நிற்காது. எனவே, திருடர்கள் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். பெட்டிகளுக்கிடையே பிரேக்குக்கான காற்றுக்குழாய் ஒன்று ஓடுகிறது. அதிலுள்ள காற்றழுத்தம் குறைந்தால் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் தானாகவே விழும். இரயில் பாதியில் அறுந்துபோனால் பெட்டிகள் கட்டுப்பாடின்றி ஓடாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்தக் குழாயைத்தான் திருடர்கள் வெட்டினார்கள்.