எக்ஸெல் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடும் முன்

இயற்கை விவசாயம் செய்கிற பல வீடுகளில் மாட்டுக்கு அடுத்தபடி உழைப்பது மொபட்தான். காய்கறி மூட்டை சந்தைக்குப் போவது அதில்தான். புல்லுக்கட்டு வருவதும், பால் கேன் போவதும், ஜீவாமிர்தம் மேட்டுக்காட்டுக்கு ஏறுவதும் அதில்தான். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அதன் வழியில் வந்த டூ ஸ்ட்ரோக் எக்ஸெல் வண்டிகள் இன்றும் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. நான் எழுதுவது பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற அந்த வண்டிகளைப் பற்றித்தான். எக்ஸெல் 100 நாலு ஸ்ட்ரோக் வண்டி, அதற்கு இது பொருந்தாது.

“வண்டி இழுக்கலங்க, போர் போயிடுச்சாம், பிஸ்டன் மாத்தணுமாம்” என்று நம் ஆட்கள் வருவார்கள். கையில் பணம் இல்லையென்றால் எடைக்குப் போட்டுவிட்டுக் கடனில் புது வண்டி எடுப்பார்கள். நான் கழற்றிப் பார்த்த இப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில் போர் நன்றாகத்தான் இருந்தது. அடைத்திருந்தது கரி. அதைக் கண்டுபிடிக்கவும் எடுக்கவும் தெரிந்துகொண்டால் ஒரு போக வரவு மிச்சம்.

கரி எங்கிருந்து வருகிறது?

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. முழுதாக எரியாத ஆயில் கரியாகப் படிகிறது. பிஸ்டன் தலை, ஹெட்டின் உட்புறம், புகை வெளியேறும் துவாரம், சைலன்சர் ஆகிய நாலு இடங்களில் அது சேரும். இந்த இன்ஜினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களை பிஸ்டனே ஏறி இறங்கி மூடித் திறக்கிறது. பழைய புகை வெளியே போனால்தான் புதுக் கலவை உள்ளே வரும். வயலில் வடிகால் அடைத்துக்கொண்டால் பழைய தண்ணீர் நின்று பயிர் மூச்சு முட்டுமே, அதே கதைதான்.

அறிகுறிகள்

கரி ஒரே நாளில் அடைப்பதில்லை. மூன்று நாலு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறைந்தால் கரியைச் சந்தேகப்படுங்கள். நேற்று ஓடிய வண்டி இன்று திடீரென நின்றால் பிளக், பெட்ரோல், கரண்ட் என்று முதலில் பாருங்கள்.

நின்ற இடத்தில் நன்றாக ஓடும், ஆக்சிலரேட்டர் திருகினால் ஏறாது. சத்தம் அமுங்கிக் கேட்கும். மைலேஜ் குறையும். சைலன்சர் வாயில் கருப்பு ஆயில் சொட்டும். மேடு ஏறும்போது ‘டிக் டிக்’ என்று தட்டும். சாவியை அணைத்த பிறகும் சில சுற்று ஓடினால், உள்ளே கரி கங்கு மாதிரி கனன்று தானே தீ வைக்கிறது என்று பொருள்.

கழற்றும் முன் நாலு சோதனை

1. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காபித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. காய்ந்த கருப்புப் பொடி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமான ஆயில் கருப்பு என்றால் ஆயில் அதிகம், கரண்ட் பலவீனம், சைலன்சர் அடைப்பு ஆகிய மூன்றில் ஒன்று. வெள்ளையாக வெளுத்திருந்தால் அது கரிப் பிரச்சினை இல்லை. இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகிறது, அதற்கு வேறு வைத்தியம்.

2. வண்டி ஓடும்போது சைலன்சர் வாய்க்கு ஓர் அடி தள்ளிக் கையை நீட்டுங்கள். புகை ‘பப் பப்’ என்று கையில் அடிக்க வேண்டும். சோர்ந்து வந்தால் அடைப்பு.

3. இன்ஜின் ஆறிய பிறகு சைலன்சரைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் காதைப் பிளக்கும், மாட்டுக் கொட்டகைப் பக்கம் வேண்டாம். இப்போது மட்டும் சுறுசுறுப்பாக ஏறினால் குற்றவாளி சைலன்சர்தான். அணைத்துவிட்டு டார்ச் அடித்துத் துவாரத்தையும் பாருங்கள். ஓரத்தில் கரி தடித்து வழி சுருங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

4. கிக்கர் லொடலொடவென்று இறங்கினால், பிளக் ஓட்டை வழியாக ஒரு சின்னக் கரண்டி ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி மிதியுங்கள். இப்போது இறுக்கம் வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு சிலிண்டரை இறக்க வேண்டும், கை தேர்ந்தவரிடம் விடுங்கள். ஆனாலும் ரிங்கைச் சுத்தம் செய்து பார்க்காமல் போர் அடிக்கச் சம்மதிக்காதீர்கள்.

சுத்தம் செய்யும் வரிசை

எளிதானதில் தொடங்குங்கள். பாதி வண்டிகள் ஹெட்டைத் தொடாமலே சரியாகிவிடும்.

முதலில் சைலன்சர். மரக்கட்டையால் தட்டி உதிர்வதை உதிருங்கள். மீதிக்குக் காஸ்டிக் சோடா. 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், குழந்தைகளை அண்டவிடக் கூடாது. சைலன்சரின் ஒரு முனையை மரத்தக்கையால் அடைத்து, கரைசலை ஊற்றி, மறுமுனையைத் திறந்தபடி ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் கொட்டி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். இது இரும்புக்கு மட்டும். ஹெட், பிஸ்டன், சிலிண்டர் போன்ற அலுமினியப் பாகங்களில் காஸ்டிக் பட்டால் அரித்துவிடும்.

அடுத்தது துவாரம். சாவியை அணைத்து, பெட்ரோல் குழாயை மூடி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கிக்கரையோ பெடலையோ கையால் மெல்ல அழுத்தி, பிஸ்டன் சுவர் துவாரத்தை முழுசாக மூடும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போதுதான் கரித்தூள் சிலிண்டருக்குள் விழாது. தட்டையாகச் சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம், பிஸ்டனில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே பெரிய செலவு. சைக்கிள் பம்பால் ஊதிவிட்டு, நாலைந்து முறை கிக்கரை மிதித்தால் மிச்சத் தூளும் வெளியே வந்துவிடும்.

இதற்குப் பிறகும் ‘டிக் டிக்’ தட்டுதல் நிற்கவில்லை என்றால் மட்டும் ஹெட். நன்றாக ஆறிய இன்ஜினில், எதிரெதிர் நட்டுகளாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கமாகக் கழற்றினால் ஹெட் வளையும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து அதன் விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் தடவுங்கள். உதிரும் கரி அதில் ஒட்டிக்கொள்ளும். மூங்கிலால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கிரீஸைக் கரியோடு வழித்தெடுங்கள். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. கேஸ்கெட் நசுங்கியிருந்தால் புதுசு போடுங்கள். நட்டுகளை முடுக்குவதும் எதிரெதிராகத்தான்.

கழிவை என்ன செய்வது?

“கரிதானே, எருக்குழியில் போட்டுடலாம்” என்று நினைக்காதீர்கள். இது அடுப்புக்கரி இல்லை, எரிந்த ஆயிலின் கசடு. காஸ்டிக் தண்ணீரில் இருப்பது சோடியம், மண்ணை இறுக வைக்கும். வாய்க்கால், கிணற்று ஓரம், வயல் மூன்றிலும் ஊற்றக் கூடாது. நான் மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுவிட்டு ஒப்படைக்கிறேன். உரக்கடை விஷத்தை வேண்டாம் என்று சொன்ன மண்ணில் ஒர்க்‌ஷாப் விஷத்தை ஊற்றுவானேன்?

மறுபடி படியாமல் இருக்க

ஆயிலை மூடிக் கணக்கில் ஊற்றாதீர்கள். லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50-க்கு 1, 40 மில்லி என்றால் 25-க்கு 1. உங்கள் வண்டிக் கையேடு எதைச் சொல்கிறதோ அதை மருந்து அளக்கும் குவளையில் அளந்து ஊற்றுங்கள். கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்பது தவறு, கரிதான் கூடும். குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டப்பாவில் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று இருந்தால் புகையும் அடைப்பும் குறைவு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில், டிராக்டரில் வடித்த ஆயில் எதுவும் ஆகாது, அவை சாம்பலாகப் படியும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலும் கரிக்குத் தாய். ஏர் ஃபில்டரையும் அடிக்கடி கழுவுங்கள். கரம்பைப் புழுதி அடைத்தாலும் கரி கூடும்.

களைக்கொல்லியைத் தொடாமல் விவசாயம் செய்யும் நமக்குக் களை வெட்டும் இயந்திரம் இன்னொரு கை. அதில் உள்ளதும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான். பல இயந்திரங்களில் சைலன்சர் வாயில் தீப்பொறி தடுக்கும் சிறு கம்பி வலை இருக்கும், முதலில் அடைப்பது அதுதான். கழற்றிப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் பத்து நிமிட வேலை. ஐப்பசி மழையில் களை இடுப்பளவு எழுந்த பிறகு இயந்திரம் நின்றால், “இந்த ஒரு தடவை மருந்து அடிச்சிடலாமா” என்று மனசு கேட்கும். அதனால் மழைக்கு முன்னாலேயே, புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, வண்டியையும் இயந்திரத்தையும் சேர்த்தே திறந்து பார்த்துவிடுங்கள்.