பளிச் நிற பவுடர் பிளஷ்: கன்னத்தில் அப்பாமல் பூச

கடையில் சிவப்பும் ஆரஞ்சுமாக இருக்கும் பவுடர் பிளஷைப் பார்த்ததும் பலர் கையை இழுத்துக்கொள்கிறார்கள். "எனக்கு இது ரொம்பத் தூக்கலா இருக்கும்" என்று சொல்லி, வெளிர் ரோஸ் ஒன்றை வாங்கிப் போகிறார்கள். மாநிறத்துக்கும் கருப்புக்கும் இது தலைகீழான தேர்வு. வெளிர் ஷேடுகளில் நிறத்தை வெளுப்பாக்கப் பெரும்பாலும் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடி சேர்க்கிறார்கள். நம் தோலின்மேல் அது படிந்தால் கன்னம் சிவக்காது. திருநீறு பூசித் துடைத்த இடம் போல வெளிறித் தெரியும். நார்ஸ் நிறுவனத்தின் 'எக்ஸிபிட் ஏ' டப்பாவைத் திறந்தால் அப்பட்டமான சிவப்பு, பார்க்கவே பயமாக இருக்கும். அதே சிவப்பு கருத்த கன்னத்தில் மெல்லிசாக ஏறினால், தோலுக்கு உள்ளிருந்து வந்த நிறமாகத் தெரியும்.

ஆகவே நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். சொதப்புவதெல்லாம் அளவில்தான்.

மாநிறத்துக்கு கோரல், ஃபூஷியா. கருப்புக்கு செங்கல் ஆரஞ்சு, சிவப்பு, பிளம். வாங்கும்போது முன்கையில் ஒரு கோடு இழுத்து, விரலால் நன்றாகப் பரப்பி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அது உங்களுக்கு வேண்டாம். சைவத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் லேபிளில் 'சிஐ 75470' இருக்கிறதா என்று பாருங்கள். அது கார்மைன், ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு.

அடுத்தது அடித்தளம். ஈரத்தின்மேல் பவுடர் பிளஷ் போடவே கூடாது. ஃபவுண்டேஷனோ சன்ஸ்கிரீனோ பிசுபிசுப்பாக இருக்கும்போது நிறப்பொடி விழுந்தால், விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் நகராது, திட்டுத் திட்டாக நிற்கும். நம் ஊர் புழுக்கத்தில் சன்ஸ்கிரீன் காய நேரமாகும், அவசரப்படாதீர்கள். காய்ந்ததும் உங்கள் நிறத்து காம்பாக்ட் பவுடரைக் கன்னத்தில் மட்டும் மெல்லிசாக ஒற்றுங்கள். புறங்கையைக் கன்னத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் பிளஷுக்குத் தயார்.

டப்பாவோடு வரும் குட்டி பிரஷைத் தூக்கிப் போடுங்கள். அடர்த்தியான குட்டை முடி பொடியை அள்ளி ஒரே இடத்தில் கொட்டும். அடியில் கருப்பும் நுனியில் வெள்ளையுமாக இரண்டு நீளத்தில் முடி வைத்த டியோ ஃபைபர் பிரஷ் வாங்குங்கள். அதன் நீண்ட நுனிமுடி குறைவாக இருப்பதால் கொஞ்சம்தான் பொடி எடுக்கும்.

இனிமேல்தான் எல்லோரும் தடுமாறும் இடம். புதிதாகப் பழகுபவர்கள் பிரஷை டப்பாவில் வைத்துச் சுழற்றுவார்கள், எடுத்த எடுப்பில் கன்னத்தின் நடுவில் வைப்பார்கள். ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதுபோல் வட்டமாக நிறம் விழும். பிரஷ் கன்னத்தைத் தொடும் முன்பே மூன்று வேலை இருக்கிறது. முதலாவது, சுழற்றாமல் நுனிமுடி மட்டும் படும்படி ஒரே ஒரு தொடு. இரண்டாவது, பிரஷின் காம்பை மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தூசியாக நிற்கும் பொடி உதிரும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். முடிக்கு நடுவே சிக்கியிருக்கும் பொடி தட்டினால் வராது. அதற்குத்தான் மூன்றாவது வேலை: ஒரு டிஷ்யூ தாளை மடித்து வைத்து, அதன்மேல் பிரஷை வட்டமாக ஓட்டுங்கள். முதல் வட்டம் பளிச்சென்று சிவப்பாக விழும். அடுத்தது குறையும். வட்டம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மங்கும்வரை ஓட்டுங்கள். "இவ்வளவு காசு கொடுத்து வாங்கியதைத் தாளில் தேய்ப்பதா?" என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட பிளஷ் சுலபத்தில் தீராது. அதைவிட, தாளில் போன பொடி முகத்தில் போயிருந்தால் முழு மேக்கப்பையும் கழுவ வேண்டியிருக்கும்.

பிரஷ் முதலில் எங்கே படுகிறதோ அங்கேதான் நிறம் அதிகம் விழும். ஆகவே மூக்குப் பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். கருவிழிக்கு நேர்கீழே வரும் கன்ன எலும்பிலிருந்து தொடங்கி, காதின் மேல்நுனியை நோக்கிப் போங்கள். முதலில் ஒற்றல், பிறகுதான் இழுப்பு. சிரித்துக்கொண்டு போடும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். சிரிப்பை நிறுத்தியதும் கன்னச் சதை கீழே இறங்கும், நிறமும் கூடவே இறங்கி முகம் தொங்கலாகத் தெரியும். மூக்கு நுனியின் மட்டத்துக்குக் கீழே பிளஷ் வரவே கூடாது.

ஒரு கன்னத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள், இரண்டும் ஒருபோலவே வராது. இங்கே ஒரு பூச்சு, அங்கே ஒரு பூச்சு. கண்ணாடியிலிருந்து நாலடி தள்ளி நின்று பார்த்த பிறகே இரண்டாவது பூச்சு. மூன்றுக்கு மேல் போக வேண்டாம். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து போடுவது உத்தமம். மஞ்சள் பல்பின் கீழ் முகமே மஞ்சளாகத் தெரிவதால் சிவப்பின் அளவு பிடிபடாது. கல்யாண மேடையில் ஃபோகஸ் லைட் முகத்தில் விழும் என்றால் மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு போடலாம்.

அப்படியும் கை கனத்துவிட்டதா? ஈர டிஷ்யூவைத் தொடாதீர்கள், அடியில் இருக்கும் ஃபவுண்டேஷனும் சேர்ந்து வரும். வெள்ளை லூஸ் பவுடரையும் கொட்டாதீர்கள். சிவப்போடு அது கலந்தால் நாம் தவிர்க்க நினைத்த அதே சாம்பல் ரோஸ்தான் மிஞ்சும். ஃபவுண்டேஷன் போட்ட ஸ்பான்ஜை எடுத்து, புதிதாக எதையும் தொடாமல், அதில் மிச்சமிருப்பதை வைத்தே ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒற்றி ஒற்றி வாருங்கள். ஃபவுண்டேஷன் போடாதவர்கள் சுத்தமான பெரிய பிரஷில் தங்கள் நிறத்து காம்பாக்டைத் தொட்டு, ஓரங்களில் மட்டும் ஓட்டினால் போதும். துடைத்து எடுக்க நினைத்தால் கெடும். மூடி மட்டுப்படுத்தினால் அமரும்.

கன்னம் பேசும் நாளில் கண்ணுக்கு மை மட்டும் போதும். ஐ ஷேடோ வேண்டாம். லிப்ஸ்டிக் அதே நிறக் குடும்பத்தில் இருக்கட்டும்.

பராமரிப்பில் மூன்று விஷயம். பிரஷை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால், பழைய சிவப்பின்மேல் புதியது சேர்ந்து, நீங்கள் எடுக்காத பொடியும் முகத்துக்கு வரும். பிளஷின் மேற்பரப்பு பளபளவென்று இறுகி நிறம் வராமல் போனால் அது முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கு. செல்லோடேப்பை லேசாக ஒட்டி எடுத்தால் அந்த ஏடு வந்துவிடும். சில அடர் ரோஸ்களும் சிவப்புகளும் தோலில் கறை விடும். இரவு கிளென்சிங் ஆயில் தேய்த்து எடுத்த பிறகு முகம் கழுவுங்கள்.

புது டப்பாவை விசேஷ நாளின் காலையில் முதன்முதலாகத் திறக்காதீர்கள். வேலை இல்லாத ஒரு மத்தியானம் வீட்டில் போட்டுப் பாருங்கள். சாயங்காலம்வரை அப்படியே விட்டு, வியர்வைக்கு அது எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வெளியே போட்டுப் போங்கள்.