மூலையினின்று எழுந்த குரல்

ராப் என்பது பண்ணமைத்துப் பாடுவதன்று. தாளத்தோடு விரைந்து சொல்லப்படுவது. அவ்வகையில் 2003-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த டிஸ்ஸி ராஸ்கலின் முதல் இசைத்தொகுப்பாகிய ‘பாய் இன் ட கார்னர்’ என்பதனை ஈண்டு ஆராய்வாம். மூலையிலுள்ள பையன் என்பது அப்பெயரின் பொருள்.

இவர் கிழக்கு இலண்டனில் போ என்னும் பகுதியில் வளர்ந்தவர்; பள்ளிகள் பலவற்றினின்றும் விலக்கப்பட்டவர். ஆயினும், இறுதியிற் சேர்ந்த பள்ளியின் இசையாசிரியர் கணிப்பொறியில் இசையமைத்துப் பழக இடந்தந்தார். ‘ஐ லவ் யூ’ என்னும் பாட்டை இவர் ஆக்கியது பதினாறாம் அகவையில்.

இனி, யாப்பை நோக்குவோம். அழுக்கு எனப் பொருள்படும் ‘கிரைம்’ இசை, நிமிடத்திற்கு ஏறக்குறைய 140 தட்டுக்கள் கொண்ட விரைநடையது. அடியிறுதி ஒத்துவரும் இயைபே அதற்கு உயிர். பொருளோ, வறுமையும் வன்முறையும் இளையோர் காதற்பூசலும். முதற்பாட்டாகிய ‘சிட்டின் ஹியர்’ ஓரிடத்தமர்ந்து சுற்றிலும் காண்பவற்றைச் சொல்லும். அங்கே வீரம் பேசும் செருக்கில்லை. சோர்வே மிக்குத் தோன்றும்.

கொச்சைமொழியாலாய இது கவியாகுமோ என்று வினவுவார் உளர். இலக்கியங் கண்டபின்னரே இலக்கணம் பிறக்கும் என்பது நாம் பயின்ற பாடமன்றோ? அவ்வாண்டு செப்டம்பரில் மெர்க்குரிப் பரிசு இத்தொகுப்பிற்கே கிடைத்தது. அப்பொழுது இவருக்கு அகவை பதினெட்டு.

பாடங் கேளாதவன் எனத் தள்ளப்பட்ட மாணவன், தன் தெருவைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அதனை உணர்ந்து இடமளித்த ஆசிரியர் ஒருவரேனும் இருந்தமையால் அக்குரல் நமக்குக் கிடைத்தது. கற்பிப்போரும் கற்போரும் எண்ணத்தக்கது இதுவே.