தலைவன் கையில் சாக்பீஸ் வேண்டாம்

பணியிடக் கலந்தாய்வில் ‘நீலகிரி’ என்று வந்ததும் முகம் சுண்டிப்போன இளம் ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விழுப்புரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வருகிறீர்கள். மேட்டுப்பாளையம் தாண்டியதும் வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குன்னூரில் இறங்கி, ஒரு மினி பஸ் பிடித்து, அது நின்ற இடத்திலிருந்து நடந்தால் பள்ளி. இரண்டு அறை, ஒரு சமையல்கூடம், பதினெட்டுப் பிள்ளைகள். ஆசிரியர் இருவர். ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் உங்கள் தலையில்.

நான் இந்த மலையில் முப்பத்தொரு வருடம் டீச்சர். சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் போட்டார்களே, அதில் திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கென்றே 1968-இல் அரசு போட ஆரம்பித்த தோட்டங்கள் அவை. இன்றைக்கு ‘டேன்டீ’ என்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன பிள்ளை, அதே மாதிரிப் பிள்ளைகளுக்கு டீச்சரானேன். பாடம் நடத்துவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதற்குப் பயிற்சிகள் உண்டு, தேவைக்கு மேலேயே உண்டு. பதினெட்டுப் பிள்ளைகளை ஒரு கூட்டமாக நடத்துவது பற்றி மட்டும் சொல்கிறேன். தம்பி தங்கச்சிகள் பொறுமையாகக் கேளுங்கள்.

1. வகுப்புத் தலைவன் கையில் சாக்பீஸைக் கொடுக்காதீர்கள்.

எனக்கு அது இரண்டாம் வருடம். பதிவேடு எழுதப் பக்கத்து அறைக்குப் போகும்போதெல்லாம் ஐந்தாம் வகுப்புக் கெட்டிக்காரன் ஒருவனிடம், “பேசறவங்க பேரை எழுதி வை” என்று சொல்லிவிட்டுப் போவேன். எல்லா டீச்சரும் செய்வதுதானே. அவன் தோட்டத்து மேஸ்திரியின் மகன். பலகையில் ஏறுவது எப்போதும் ஒரே பையனின் பெயர். பக்கத்தில் ‘அடங்கவில்லை’ என்று வேறு. மூன்று வாரத்தில் அந்தப் பையன் வருவதை நிறுத்திவிட்டான். லைனுக்குப் போய்க் கேட்டேன். அவன் அம்மா கொழுந்துச் சாக்கை உதறிக்கொண்டே சொன்னார்: “காட்டுல அவங்கப்பா எங்க பேரை எழுதறாரு. பள்ளிக்கூடத்துல அவன் எம்புள்ள பேரை எழுதறான். வேற என்னங்க டீச்சர்.”

பையனைத் திரும்பக் கூட்டிவர ஒரு மாதம் ஆனது. காட்டிக்கொடுப்பதை ஒரு பதவியாக்கியது நான்தான். அந்த மேஸ்திரி மகன் மேல் குற்றமில்லை. தலைவனுக்கு வேலை கொடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா, முதல் வகுப்புக்காரனின் ஸ்வெட்டர் பொத்தான் போட்டிருக்கிறதா, மணி அடித்தாயிற்றா. அடுத்தவனை வேவு பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

2. ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தால் ஜனநாயகம் பழகும் என்று நானும் நம்பினேன். மூன்று வருடம் தேர்தல் வைத்தேன். ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வருகிற பிள்ளைகள் பதினொன்று, லைனிலிருந்து வருவது ஏழு. முடிவும் பதினொன்றுக்கு ஏழு. மூன்று வருடமும் அதே பதினொன்றுக்கு ஏழு.

அப்புறம்தான் உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு நாமே வாயாரச் சொல்லிக்கொடுக்கிற குடவோலை முறை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஊர்ச் சபையின் வாரியத்தில் ஒருமுறை இருந்தவர் மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி வர முடியும். கணக்குக் காட்டாதவருக்கு இடமே கிடையாது. அந்தச் சபைக்குள் எல்லாரும் நுழைந்துவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது பிராமணர் சபை. நிலம் வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். அதைக் கழித்துவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு பழைய பால் பவுடர் டப்பா. மூன்றாம் வகுப்புக்கு மேலே உள்ள எல்லார் பெயரும் அதற்குள். மாதம் பிறந்தால், இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று கைவிட்டு ஒரு சீட்டை எடுக்கும். எடுத்த சீட்டு, டப்பா காலியாகும் வரை திரும்ப உள்ளே போகாது. மாதக் கடைசியில் அந்தத் தலைவர் காலை வழிபாட்டில் நின்று, என்ன செய்தேன், எது விட்டுப்போனது என்று கணக்குச் சொல்ல வேண்டும். வாயே திறக்காத பிள்ளைகளின் முறை வரும்போது உங்களுக்குக் கை பரபரக்கும், சீட்டை மாற்றிவிடலாமா என்று. மாற்றாதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஓட்டையும் முழுதாக விட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமை என்ன விளையாடுவது, தோட்டத்தில் பீன்ஸா முள்ளங்கியா என்பதற்கெல்லாம் ஆளுக்கொரு கற்பூர மரக் காயைக் கொடுத்து இரண்டு தட்டில் போடச் சொல்வேன். எதைச் செய்வது என்பதற்கு ஓட்டு, யார் செய்வது என்பதற்குச் சீட்டு.

3. நான் ஓய்வுபெற்ற பிறகு, 2024 நவம்பர் 14-இல், அரசுப் பள்ளிகளுக்கு ‘மகிழ் முற்றம்’ வந்திருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழு. நல்ல யோசனைதான். ஆனால் பதினெட்டை ஐந்தாகப் பிரித்தால் ஒரு திணைக்கு நான்கு பேர், இன்னொன்றுக்கு மூன்று பேர். அதிலும் நீலகிரியில் எந்தப் பிள்ளை பாலையில் சேரச் சம்மதிக்கும்? எல்லாருக்கும் குறிஞ்சிதான் வேண்டும். சிரித்துவிட்டு டப்பாவை எடுங்கள். ஒரே ஹட்டியோ ஒரே லைனோ ஒரு குழுவாகிவிடாமல் மட்டும் பாருங்கள். புள்ளிப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, மூன்று பேர் குழுவை வருடம் முழுக்கக் கடைசியில் நிறுத்தாதீர்கள்.

4. தலைவருக்குப் பேட்ஜ் வாங்காதீர்கள். ஊட்டியின் பெரிய உறைவிடப் பள்ளிகளுக்கு அது அழகு.

5. பள்ளிக்கு வரும் வழிதான் இந்த மலையில் பெரிய பாடம். வழிக்கு ஒரு தலைவர் இருக்க வேண்டும். இந்த ஒரு பதவிக்கு மட்டும் சீட்டுப் போடாதீர்கள், மார்க்கையும் பார்க்காதீர்கள். வழி தெரிந்த பிள்ளையிடம் கொடுங்கள்.

ஒரு நவம்பர் மாதம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். கீழ் லைனுக்குப் போகும் ஏழு பிள்ளைகள் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்குகிறார்கள். முன்னால் போனவள் நான்காம் வகுப்புச் சிறுமி. காட்டோரத்து வீடு. ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசிக்க அவளால் ஆகாது. அதற்காக நானே அவளைக் கடிந்ததுண்டு. பாதி வழியில் கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தியிருக்கிறாள். ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. “மாட்டு வாடை வருது” என்று மட்டும் சொன்னாளாம். இரைச்சல் போடாமல், திரும்பி ஓடாமல், பின்பக்கமாகவே நடந்து மேல் ரோட்டுக்கு ஏற்றியிருக்கிறாள். மறுநாள் போய்ப் பார்த்தோம். அவள் நிறுத்திய இடத்தை அடுத்த திருப்பத்தில் காட்டுமாடுகள் படுத்துக் கிடந்த இடம் செடியோடு நசுங்கி இருந்தது. எத்தனை மாடு என்று குளம்புத் தடத்தைப் பார்த்து எண்ணியதும் அவள்தான். எனக்குக் குளம்பும் தெரியவில்லை, கணக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து வழித் தலைவருக்குச் சில விதிகள் வைத்தோம். கிளம்பும்போது தலை எண்ண வேண்டும். சின்னப் பிள்ளைகள் நடுவில். லைன் வாசலில் மறுபடி எண்ணி, அங்கே பார்க்கும் முதல் பெரியவரிடம் “ஏழு பேரும் வந்துட்டோம்” என்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பாதையில் புதிதாக வெடிப்போ, சேறு கலந்த ஊற்றோ கண்டால் காலையில் முதல் செய்தி அதுதான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்து மனிதர்கள் செத்த நாட்களைப் பார்த்தவர்கள் இந்த விதியைக் கண்டு சிரிக்க மாட்டார்கள்.

6. பிள்ளைகளை முடிவெடுக்க விட்டால் உண்மையாகவே விடுங்கள். சமையல்கூடத்துக் கதவை ஒரு இரவு கரடி பெயர்த்துவிட்டது. எண்ணெய் போயிற்று, பருப்பு போயிற்று. இங்கே இது அதிசயமில்லை. கரடி நுழையாத சத்துணவுக்கூடமோ ரேஷன் கடையோ அபூர்வம். நான் இரும்புக் கதவுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகள் கூட்டம் போட்டு வேறொன்று சொன்னார்கள்: எச்சில் குழி சமையல்கூடத்துச் சுவரோரம் இருக்கிறது, அதை முதலில் மாற்றுங்கள். மாற்றினோம். தினமும் மண் போட்டு மூடுவது அந்த மாதத் தலைவரின் பொறுப்பானது. என் மனுவுக்குப் பதில் வரப் பல மாதம் ஆயிற்று.

7. சாப்பாட்டு நேரத்தில் நீங்களும் உட்காருங்கள். என் காலத்துப் பிள்ளைகள் ஒரு டம்ளர் பிளேன்டீயோடு வந்துவிடுவார்கள். அம்மா விடிந்தும் விடியாமலும் கொழுந்தெடுக்கக் கிளம்பியிருப்பார். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு மதியத்துக்குத்தான். 2023 ஆகஸ்டில் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த செய்தியைக் கேட்டு, ஓய்வில் இருந்த நான் பழைய சக டீச்சருக்குப் போன் போட்டு அழுதேன். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குத் தட்டு வைத்த பிறகே தங்கள் தட்டை எடுக்கட்டும். யார் பக்கத்தில் யார் உட்காருவதில்லை என்று கவனியுங்கள். அதைத் திட்டிச் சரிசெய்ய முடியாது. வரிசையைத் தினமும் கலைத்துப்போடுங்கள்.

8. மூன்று நான்கு மொழி உங்கள் வகுப்பில் இருக்கும். ஹட்டிப் பிள்ளைக்கு வீட்டில் படுக மொழி. லைன் பிள்ளைக்கு எங்கள் இலங்கைத் தமிழின் மிச்சம். இப்போது ஜார்க்கண்டிலிருந்து கொழுந்தெடுக்க வந்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை, வந்த முதல் மாதம் வாயைத் திறக்காது. அந்தப் பிள்ளைக்குத் துணையாகத் தமிழ் நன்றாகத் தெரிந்தவனைப் போடுவோம். ஆனால் நான் கண்டவரை, அதிகம் பேசாத பிள்ளையைப் போட்டால்தான் இரண்டும் சேர்ந்து பேச ஆரம்பிக்கும். தலைவரின் மாதக் கணக்கை அவரவர் வீட்டு மொழியில் ஒரு வரியாவது சொல்லச் சொல்லுங்கள்.

9. ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பள்ளி நிற்கும் நிலம் ஹட்டிக்காரர்கள் கொடுத்ததா, தோட்டத்துக்காரர் விட்டதா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் 25 பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் முதலாளியே படிப்புக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசு விதி போடலாம் என்றது 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் பள்ளி இருப்பதன் பின்னால் இப்படி ஒரு கதை உண்டு. கதையைச் சொல்ல ஒரு தாத்தா இருப்பார்; அவரை வழிபாட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது 2009-இல் வந்த சட்டம். பெண் உறுப்பினருக்குப் பதிலாக அவர் வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் ஒரு அம்மாவுக்கு அரை நாள் கூலி போகும். கொழுந்து நிறுத்த பிறகு, தேநீர் வைத்து, லைன் வாசலிலேயே கூட்டம் போட்டுப் பாருங்கள். ஹெத்தை ஹப்பா திருவிழா நாட்களில் படுகர் பிள்ளைகள் வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டை முறைத்துக்கொண்டு உட்காராமல் நீங்களும் மற்றப் பிள்ளைகளும் போய்ப் பாருங்கள். கூப்பிட்டுச் சோறு போடுவார்கள்.

10. சேர்க்கைப் பேரணி என்று பிள்ளைகள் கையில் பதாகை கொடுத்துத் தெருத்தெருவாக நடத்தாதீர்கள். பள்ளியைக் காப்பாற்றுவது எட்டு வயதுப் பிள்ளையின் வேலையல்ல. பச்சைத் தேயிலை விலை விழுந்து ஊரே திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனதால் பிள்ளைகள் குறைந்தார்கள். 2019-இல் பிள்ளைகளே இல்லாத பள்ளிகளை நூலகமாக்கியபோது இந்த மாவட்டத்துப் பள்ளிகளும் அதில் இருந்தன. அந்தப் பாரத்தைப் பெரியவர்கள்தான் சுமக்க வேண்டும்.

11. மாறுதல் கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் அம்மா அப்பா கீழே இருக்கிறார்கள். இங்கே குளிர் எலும்பைத் துளைக்கும். ஆனால் போவது உறுதியானதும் முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். டீக்கடையில் யாரோ பேசி அவர்கள் காதில் விழக் கூடாது. அந்த மாதத் தலைவரைக் கூப்பிட்டு, எந்த வேலை யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லி, அடுத்து வரும் டீச்சரின் மேசையில் வையுங்கள். அந்த டப்பாவையும் பக்கத்திலேயே வையுங்கள். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் அது இல்லை; எடுத்து வைக்காவிட்டால் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள்.