பூந்திக்கொட்டைக்குள்ள ஒரு மரச் சர்க்கரை

நம்ம இதழுக்கு நான் எழுதுறது இதுதான் முதல் தடவை. பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், அதனால தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

கொண்டப்பநாயக்கன்பட்டியில எங்க வீட்டு முன் அறைதான் அம்மாவோட வேலை இடம். பட்டறையில இருந்து வர்ற வெள்ளிக் கொலுசுகளைக் கழுவி மெருகு ஏத்திக் குடுப்பாங்க. ராத்திரியே பூந்திக்கொட்டையை ஊறப் போட்டுடுவாங்க. காலையில அந்தத் தண்ணியில பிரஷ் போட்டுத் தேய்ச்சா கொலுசு பளபளன்னு வரும். போன வருஷம் கொட்டை விலை கட்டுப்படி ஆகலைன்னு கடையில லூஸ்ல விக்கிற சோப் ஆயிலுக்கு மாறினாங்க. ரெண்டு மாசத்துல விரல் இடுக்கு எல்லாம் வெடிச்சிடுச்சு.

"ஏங்கண்ணு, கெமிக்கல் இன்ஜினியரிங்தானே படிக்கிற? பூந்திக்கொட்டையில இருக்கறதை நீங்க ஃபேக்டரியில செய்ய மாட்டீங்களா?"ன்னு அம்மா கேட்டாங்க. அந்தக் கேள்விதான் எங்க டீமோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஆச்சு.

தலையும் வாலும்

சோப்பு மாதிரி அழுக்கை எடுக்கிற பொருள்கள்ல வேலை செய்யறது ஒரே மாதிரி மூலக்கூறுதான். அதுக்குப் பேர் சர்ஃபேக்டன்ட். தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் எண்ணெய்ப் பிசுக்குக்குள்ள குத்திக்கும், தலை தண்ணியோட சேர்ந்து இழுக்கும். பிசுக்கு சின்னச் சின்ன உருண்டையாப் பிரிஞ்சு தண்ணியோட போயிடும்.

சோப் ஆயில் செய்யறவங்க வாங்குற 'ஆசிட் ஸ்லர்ரி'யில வால் பெட்ரோலியத்துல இருந்து வருது. மண்ணெண்ணெயில இருந்து பிரிச்ச நீளமான ஹைட்ரோகார்பனை பென்சீனோட இணைச்சா லீனியர் அல்கைல் பென்சீன் கிடைக்கும். சென்னை மணலியில தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் இதைத் தயாரிக்குது. இதோட சல்ஃபோனிக் அமிலத் தலையைச் சேர்த்தா ஸ்லர்ரி ரெடி. அழுக்கு நல்லாப் போகும். ஆனா தோல்ல இருக்கிற எண்ணெயையும் சேர்த்து உருவிடும்.

பூந்திக்கொட்டையில இருக்கிறது சபோனின். அதோட வால் ஹெடராஜெனின்ங்கிற பெரிய வளையக் கூட்டு. தலை மூணு சர்க்கரை கோத்த சங்கிலி: அராபினோஸ், ராம்னோஸ், கடைசியில சைலோஸ். இந்த சைலோஸுக்கு இன்னொரு பேர் மரச் சர்க்கரை. கிரேக்கத்துல 'சைலோன்'னா மரம். அதாவது மரச் சர்க்கரையை என்சைம் வச்சு ஒட்டி சர்ஃபேக்டன்ட் செய்யற வேலையை இந்த மரம் எப்பவோ ஆரம்பிச்சிடுச்சு.

சர்க்கரை எங்க கிடைக்கும்?

சர்க்கரைத் தலை வச்ச சர்ஃபேக்டன்ட் கடையிலயே இருக்கு. பேபி ஷாம்பு பாட்டில் பின்னாடி 'டெசில் குளுக்கோசைட்'னு பாத்திருப்பீங்க. எமில் ஃபிஷர் 1893-ல காட்டின வழிதான்: குளுக்கோஸ், ஆல்கஹால், அமிலம், சூடு. ஆனா அந்தக் குளுக்கோஸ் பெரும்பாலும் மக்காச்சோளம் மாதிரி உணவுப் பயிரோட ஸ்டார்ச்சுல இருந்து வருது. சேலத்துக்காரங்களுக்குச் சொல்லணும்னா, ஜவ்வரிசிக்குப் போற மரவள்ளி மாவுல இருந்து சோப்பு செய்யற மாதிரி.

மரத்துல அந்தச் சிக்கல் இல்ல. தைலமரம், சவுக்கு மாதிரி மரங்கள்ல சுமார் கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ். அதுல பெரும்பகுதி சைலோஸ் கோத்த சைலான். கரும்புச் சக்கையிலயும் சைலான் உண்டு. நம்ம பக்கம் பள்ளிபாளையத்துல சேஷசாயி பேப்பர் ஆலை, கரூர் பக்கம் காகிதபுரத்துல டி.என்.பி.எல். இருக்கு. பொதுவா ஒரு காகித ஆலைக்கு வேணும்கிறது செல்லுலோஸ் நார். கூழ் காய்ச்சும்போது கரைஞ்சு போற ஹெமிசெல்லுலோஸ், லிக்னினோட சேர்ந்து கருந்திரவமா மாறி, பாய்லர்ல எரிஞ்சு நீராவி ஆகுது. வீணாப் போறதுன்னு சொல்ல முடியாது. ஆனா சர்க்கரையை விறகா எரிக்கிற கணக்குதான்.

வெட்டுற கத்தியே ஒட்டுமா?

சைலானேஸ், சைலோசிடேஸ் என்சைம்களோட வேலை சைலானை வெட்டுறது. இந்த வகையில பல என்சைம்கள் ரெண்டு ஸ்டெப்ல வெட்டும். முதல்ல சர்க்கரையைத் தன்னோட குளுட்டமேட் கையில பிடிச்சுக்கும். அப்புறம் ஒரு தண்ணி மூலக்கூறு வந்து அதை விடுவிக்கும். அந்த ரெண்டாவது ஸ்டெப்ல தண்ணிக்குப் பதிலா கொழுப்பு ஆல்கஹால் வந்துட்டா? சர்க்கரை ஆல்கஹாலோட ஒட்டிக்கும். அல்கைல் சைலோசைட் கிடைக்கும். அமிலம், அதிக சூடு எதுவும் வேண்டாம்.

வில்லன் தண்ணிதான். ஒரு லிட்டர் தண்ணியில சுமார் 55 மோல் தண்ணி மூலக்கூறு இருக்கு. நீளமான கொழுப்பு ஆல்கஹாலோ தண்ணியில கரையவே கரையாது. நூறு பேர் நிக்கிற பஸ்ல ஒரே ஒரு ஆள் சீட் பிடிக்கற மாதிரி. போதாததுக்கு, உருவான பொருளையும் அதே என்சைம் திரும்ப வெட்டிடும். அதனால சரியான நேரத்துல ரியாக்‌ஷனை நிறுத்தணும்.

1998-ல கனடாவுல ஸ்டீபன் விதர்ஸ் குழு இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அந்தக் குளுட்டமேட் கையையே எடுத்துட்டு, அந்த இடத்துல அலனின் வச்சாங்க. அந்த என்சைமால வெட்ட முடியாது, ஒட்ட மட்டும்தான் முடியும். பேர் கிளைக்கோசின்தேஸ். ஆனா அதுக்கு ஃப்ளோரின் ஏத்தின சர்க்கரையைக் குடுக்கணும். சோப்பு விலைக்கு அது கட்டாது.

இன்னொரு வழி லைபேஸ். எண்ணெயை உடைக்கிற இந்த என்சைம், தண்ணி கிட்டத்தட்ட இல்லாத கரைப்பான்ல 100 டிகிரியிலயும் வேலை செய்யும்னு சாக்ஸும் கிளிபனோவும் 1984-ல காட்டினாங்க. தண்ணி இல்லாத இடத்துல அது உடைக்காது, ஒட்டும்.

எங்க குடுவையில நடந்தது

நாங்க எடுத்தது லைபேஸ் வழி. சைலோஸ், தேங்காய் எண்ணெயில இருக்கிற லாரிக் அமிலம், கரைப்பான், என்சைம். முதல் பேட்ச் ரெண்டு நாள் ஓடுச்சு. டி.எல்.சி. தட்டுல பழைய ரெண்டு புள்ளிதான், புதுசா ஒண்ணும் இல்ல. காரணம் நாங்கதான். கழுவின குடுவையைச் சரியாக் காய வைக்கல. ரெண்டாவது தடவை எல்லாத்தையும் அவன்ல காய வச்சு, தண்ணி உறிஞ்ச மாலிக்யூலர் சீவ் போட்டோம். மூணாவதா ஒரு மங்கலான புள்ளி வந்துச்சு. லேப்ல கத்தினதுல லேப் அண்ணா ஓடி வந்துட்டார்.

ஆனா சந்தோஷத்துல உண்மையை மறைக்கக் கூடாது. இது எஸ்டர் பிணைப்பு. சோடா கலந்த வாஷிங் பவுடர்ல பிரிஞ்சிடும், கிரீமுக்கும் உணவுக்கும்தான் சரி. கொலுசு கழுவ வேணும்னா சைலோசைட்தான் காரத்தைத் தாங்கும். 'இயற்கை'ன்னா எல்லாத்துக்கும் நல்லதுன்னும் கிடையாது. பூந்திக்கொட்டைத் தண்ணியைக் குளத்துல கொட்டினா மீன் செத்துடும்.

அம்மாகிட்ட அந்த டி.எல்.சி. போட்டோவைக் காட்டினேன். "இத்துனூண்டு புள்ளிக்கா ஆறு மாசம்?"னு சிரிச்சாங்க. அவங்க இப்போ திரும்பப் பூந்திக்கொட்டைக்கே வந்துட்டாங்க. கை ஆறிடுச்சு, கூலியில மிச்சம்தான் குறைஞ்சிடுச்சு.

அடுத்து இந்த ப்ராஜெக்ட் எடுக்கப் போற ஜூனியர்ஸ், நேரா சைலோசைட் வழியில போங்க. ஆரம்பத்துல குட்டை வால் ஆல்கஹால், அப்புறம் நீளம். மணிக்கு ஒரு சாம்பிள் எடுங்க. லைபேஸ் வழியில போனா, முதல்ல குடுவையைக் காய வைங்க!