சோதனை வருமுன்னே

போத்திபாரின் மனைவி வஸ்திரத்தைப் பற்றி இழுத்தபோது யோசேப்பு அதை விட்டுவிட்டு ஓடியது எல்லாருக்கும் தெரியும். ஆதியாகமம் 39-ஐ நிதானமாக வாசியுங்கள். அதற்கு முன்பே, அவள் தினமும் வற்புறுத்தியும், அவள் பக்கத்தில் இருக்கவே யோசேப்பு இணங்கவில்லை. எனக்கு அந்த ஓட்டத்தைவிட இந்த விலகல்தான் பெரிதாகத் தெரிகிறது. உங்களுக்குச் சோதனை எந்த நேரத்தில், எங்கே வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். ராத்திரி 11 மணிக்குக் கையிலிருக்கும் செல்போன்தான் வழி என்றால், குடும்ப ஜெபம் முடிந்ததும் அதை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் எழுப்ப அலாரம் கடிகாரம் போதும்.

40 நாள் உபவாசத்துக்குப் பிறகு, பசித்திருந்தபோதுதான் இயேசுவிடம் சோதனைக்காரன் வந்தான். பசி, களைப்பு, தனிமை இருக்கும் வேளைகளில் கூடுதல் கவனம் வேண்டும். இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார். அந்த நெருக்கடியில் வேதத்தைப் புரட்டித் தேட முடியாது; உங்கள் பலவீனத்துக்கு ஏற்ற ஒரு வசனத்தை இன்றே மனப்பாடம் செய்யுங்கள்.

சோதிக்கப்படுவது பாவமல்ல. வெட்கப்பட்டு மறைக்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள். தவறி விழுந்தாலும் ஞாயிறு ஆராதனை வரை காத்திருக்க வேண்டாம். அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேளுங்கள்.