சுவரில் விரிந்த வான் கோ

ஓவியத்தைக் காண்பது ஒன்று. ஓவியத்தைக் கொண்டு அமைத்த காட்சியைக் காண்பது மற்றொன்று. இரண்டும் நல்லவையே. ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு மயங்குதல் நன்றன்று. அம்மயக்கம் எங்ஙனம் தோன்றுகிறது, அதனைப் போக்குவது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோவின் படைப்புகளைப் பெருங்கூடத்தின் சுவர்களிலும் தரையிலும் ஒளியாக வீழ்த்தி, இசையோடு காட்டும் டிஜிட்டல் கண்காட்சி 2023ஆம் ஆண்டில் மும்பையில் நடைபெற்றது. பின்னர் வேறு இந்திய நகரங்களிலும் இத்தகைய காட்சிகள் நடந்தன. அவற்றுள் ஒன்றுக்கு விடுதி நண்பர்கள் நால்வர் சென்றிருந்தோம். கட்டணம் மாணவர்க்குச் சிறிதன்று. ஆயினும் உள்ளே நுழைந்ததும் அக்கவலை மறைந்தது. ஆளுயரச் சூரியகாந்தி மலர்கள் எம்மைச் சூழ்ந்து மலர்ந்தன. தலைக்குமேல் விண்மீன்கள் சுழன்றன. நண்பர் ஒருவர் தரையில் அமர்ந்தவர், விளக்கெரியும் வரை எழவேயில்லை.

வெளியே வந்தபின் அவரே, "இனி நாம் ஆம்ஸ்டர்டாம் போக வேண்டுவதில்லை, எல்லாம் பார்த்துவிட்டோம்" என்றார். மற்றொருவர், "அந்த விண்மீன் இரவு ஓவியம் உண்மையில் எவ்வளவு பெரியது?" என்று வினவினார். ஒருவர் சுவரளவு என்றார். ஒருவர் அதிற் பாதி என்றார். நால்வருள் ஒருவர்க்கும் விடை தெரியவில்லை. ஒரு மணி நேரம் ஓவியங்களுக்கு நடுவே நின்றும் ஓர் ஓவியத்தின் அளவை அறியாது வந்தோம்! அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

ஓவியர் யார்?

வான் கோ 1853ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பிறந்தார். ஓவியமே தம் தொழில் என அவர் துணிந்தது 1880இல். அப்போது வயது இருபத்தேழு. 1890ஆம் ஆண்டு சூலையில், தம் முப்பத்தேழாம் வயதில், பிரான்சு நாட்டில் மறைந்தார். ஆக, அவருடைய கலை வாழ்வு பத்தாண்டே. அதற்குள் எண்ணூறுக்கு மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்களைப் படைத்தார். அக்காலமெல்லாம் பொருளுதவி செய்து காத்தவர் தம்பி தியோ. அண்ணன் மறைந்த ஆறு திங்களில் தம்பியும் மறைந்தார். பின்னர் அவ்வோவியங்களைப் பேணியும், கண்காட்சிகளுக்கு அனுப்பியும், தியோவுக்கு வான் கோ எழுதிய மடல்களை 1914இல் நூலாக்கியும் உலகறியச் செய்தவர் தியோவின் மனைவி யோகன்னா. நாங்கள் கண்ட காட்சியில் அவ்வம்மையாரின் பெயரே இல்லை.

இக்காட்சி முறை புதியதா?

பார்ப்போரைப் படத்தால் சூழும் எண்ணம் இன்று தோன்றியதன்று. எடின்பரோவில் வாழ்ந்த இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் 1787ஆம் ஆண்டிலேயே வட்டமாகச் சூழும் ஓவிய முறைக்கு அரசிடம் காப்புரிமை பெற்றார். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் மெசுடாக் என்பார் 1881இல் வரைந்து முடித்த கடற்கரைக் காட்சி ஏறத்தாழ 14 மீட்டர் உயரமும் 120 மீட்டர் சுற்றளவும் உடையது; இன்றும் அங்கே காணலாம். வியப்பான செய்தி யாதெனில், வான் கோவே அதே ஆண்டு அதனுள் நின்று பார்த்தார். பெருமதிப்புக்குரிய படைப்பு எனத் தம்பிக்கு எழுதவும் செய்தார்.

நம் காலத்து முறைக்கு முன்னோடி, பிரான்சின் லே போ என்னும் ஊரில் கைவிடப்பட்ட கற்சுரங்கத்தில் 1977இல் தொடங்கிய ஒளிப்படக் காட்சி. பாரிசில் பழைய வார்ப்பாலை ஒன்று 2018இல் இத்தகைய கூடமாயிற்று; மறு ஆண்டு அங்கே வான் கோ இடம்பெற்றார். பல புரொஜெக்டர்களின் ஒளிவிளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, இணைப்புத் தெரியாதபடி கணினி ஒரே படமாக்குகிறது. வான் கோ மறைந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டமையால் பதிப்புரிமைத் தடையும் இல்லை. யாரும் அவர் படைப்புகளைக் காட்டலாம். அவரைப் பலரும் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மெசுடாக் தம் படத்தைச் சூழ நிற்பதற்கென்றே வரைந்தார். வான் கோ கைக்கெட்டும் கித்தானில், ஒருவர் எதிரே நின்று நோக்குவதற்காக வரைந்தார்.

எவை மறைகின்றன?

முதலாவது, அளவு. 1889ஆம் ஆண்டு சூனில் வரைந்த 'விண்மீன் இரவு' ஏறத்தாழ 74 செ.மீ. உயரமும் 92 செ.மீ. அகலமும் உடையது. அது இருப்பதும் ஆம்ஸ்டர்டாமில் அன்று, நியூயார்க்கில்.

இரண்டாவது, மேற்பரப்பு. வான் கோ வண்ணத்தைத் தடிப்பாக அப்பினார். தூரிகையின் தடங்கள் வரப்புகள்போல் உயர்ந்து நிற்கும். பார்ப்பவர் நகர்ந்தால் அவ்வரப்புகளின் ஒளியும் நிழலும் மாறும். ஒளிப்படத்தில் நிழல் உறைந்துவிடுகிறது. நாம் நகர்ந்தாலும் அது மாறுவதில்லை.

மூன்றாவது, அசைவின்மை. இதுவே பெரிய இழப்பு. அவர் வானில் விண்மீன்கள் சுழல்வதில்லை. தூரிகைக் கோடுகள் வளைந்து செல்ல, நம் கண் அவற்றைப் பின்தொடர்ந்து சுழல்கிறது. அசையாத கித்தானில் அசைவை உண்டாக்கியதே அவர் ஆற்றல். கணினி விண்மீன்களைச் சுழற்றும்போது கண்ணுக்கு வேலையில்லை. ஓவியன் நமக்கு ஒப்படைத்த பணியைக் கருவி பறித்துக்கொள்கிறது.

நான்காவது, தேர்வு. உழைத்த கைகளே உணவெடுக்கும் காட்சியை இருண்ட நிறங்களில் தீட்டிய 1885ஆம் ஆண்டின் 'உருளைக்கிழங்கு உண்போர்' எங்கள் காட்சியில் நொடிகளில் மறைந்தது. 'காகங்கள் பறக்கும் கோதுமை வயல்' நெடுநேரம் நின்று, காகங்கள் பறந்து, கூடம் இருண்டு முடிந்தது. அதுவே இறுதி ஓவியம் என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. ஆனால் அவர் இறுதியாக வரைந்தது 'மரவேர்கள்' என்பதே ஆய்வாளர்கள் இன்று கொள்ளும் கருத்து. அக்கோதுமை வயல் ஓவியங்களில் தம் துயரை மட்டுமன்றி, நாட்டுப்புறத்தின் நலமூட்டும் தன்மையையும் காட்ட முயன்றதாக வான் கோ எழுதியிருக்கிறார். காட்சி துயரை எடுத்துக்கொண்டு நலத்தை விட்டுவிட்டது.

போகலாமா, வேண்டாமா?

போகலாம். கடல் கடந்து செல்லும் வசதி நம்மிற் பலர்க்கு இல்லை. ஓவியக் கூடம் என்றாலே அஞ்சி ஒதுங்குபவரையும் இக்காட்சி உள்ளே அழைக்கிறது. அந்நண்பர் எழாது அமர்ந்திருந்ததைப் பொய்யென்று யார் சொல்வர்? ஆனால் அதனை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்ளுதல் வேண்டும். செல்லுமுன் மூன்று ஓவியங்களைத் தேர்ந்து அவற்றின் அளவையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வந்தபின் அவற்றின் நல்ல அச்சுப்படத்தை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் பேசாது பாருங்கள். வான் கோவின் மடல்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, அவற்றையும் படியுங்கள்.

அன்றிரவு நாங்கள் அளவுநாடா கொண்டு, அறைக் கதவின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் 74 செ.மீ. உயரமும் 92 செ.மீ. அகலமுமாக ஒரு கட்டம் வரைய முயன்றோம். கதவின் அகலம் போதவில்லை, சுவரில் வரைந்தோம். ஆம்ஸ்டர்டாம் போக வேண்டுவதில்லை என்ற நண்பர் அவ்வெற்றுக் கட்டத்தை நெடுநேரம் நோக்கினார். பிறகு, "இவ்வளவு இடத்திலா அத்தனை வானமும்?" என்றார். அவர் வான் கோவைப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.